செவ்வரளிப்பட்டி ஸ்டேஷன், எட்டு மணித் தொடர்

ஒரு திங்கட்கிழமையிலிருந்து செவ்வரளிப்பட்டி போலீஸ் ஸ்டேஷனில் பகலில் என்னென்ன நடந்ததோ அதெல்லாம் அன்று இரவு எட்டு மணிக்கு, அந்த ஸ்டேஷன் எல்லைக்குட்பட்ட பதினான்கு ஊர்களிலும், டிவி இருந்த அத்தனை வீடுகளிலும், அரைமணி நேரத் தொடராக ஓட ஆரம்பித்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் இரும்பரசன் என்ற தொடர்தான் வந்துகொண்டிருந்தது. அதில் இரும்பரசன் வாரத்துக்கு ஐந்து பேரின் எலும்பை முறிப்பார், ஜனங்களும் சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் ரெண்டு போடுய்யா என்று சொல்லியபடியே ரசம் ஊற்றிக்கொள்வார்கள். அந்தத் திங்கட்கிழமை இரும்பரசனைக் காணோம். அவருக்குப் பதிலாக ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் ஏட்டு பஞ்சவர்ணம் திரை முழுக்க வந்து, டீயில் பன்னை முக்கி, அது உடைந்து கிளாசுக்குள் விழுந்ததை ஸ்பூன் இல்லாமல் பேனா மூடியால் எடுத்துத் தின்றாள். பின்னணியில் வீணை வாசித்தார்கள்.

ஊருக்கு மேற்கே ஓர் ஓடைப்பாலம் உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த ஸ்டேஷன் எல்லை. அங்கே இருந்த வீடுகளில் வழக்கம்போல இரும்பரசன்தான் ஓடினார், ஒரு அடி குறையவில்லை. இதைக் கேட்டு ஊரெல்லாம் ஆச்சரியப்பட்டபோதும் பஞ்சவர்ணம் ஆச்சரியப்படவில்லை. ஓடையில் பிணம் மிதந்தால் எந்தக் கரையை ஒட்டிக் கிடக்கிறது என்று பார்த்த பிறகு தொப்பியைக் கழற்றுகிற இலாகாவில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவள் அவள். அதிசயமே ஆனாலும் எல்லை தாண்டி வராது என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம்.

முதல் இரண்டு நாள் ஸ்டேஷனைத் தலைகீழாகப் புரட்டிக் கேமராவைத் தேடினார்கள். பரணில் ஒரு செத்த வௌவாலும், எந்தக் காலத்திலோ தொலைந்துபோன ஒரு விலங்கும் கிடைத்தன. கேபிள்காரரைக் கூப்பிட்டு மிரட்டினார்கள். அவர் வந்து எல்லோர் கண்முன்னாலும் வயரை அறுத்துக் காட்டினார், அறுத்த பிறகும் எட்டு மணிக்குத் தொடர் ஓடியது, அவர் வயரை முடிச்சுப்போட்டுவிட்டுப் போனார். அதற்கு மேல் யாரும் ஏன் எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மழை பெய்தால் குடை எடுப்பது மாதிரி, தொடர் வந்தால் அதற்குத் தகுந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டியதுதான் என்று ஊர் முடிவு செய்தது.

ஏற்பாடு என்றால் அப்படி ஒரு ஏற்பாடு. மனு கொடுக்க வருகிறவர்கள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள், பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்கள், அழ வேண்டிய இடத்தை வீட்டிலேயே கண்ணாடி முன்னால் அழுது பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரே கோழியைப் பற்றி ஓரகத்திகள் இரண்டு பேர் எதிரெதிராகப் புகார் கொடுத்து, மூன்று வாரம் திரையில் வந்து, கோழி செத்த பிறகும் விடாமல் வந்தார்கள். டீக்கடை நாகூர்கனி பாய் ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோகிற தூக்குவாளியில் கடையின் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதி, வாளியை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தால் எழுத்துத் தெரியும் என்று பழகிக்கொண்டார். பஸ்ஸில் பஞ்சவர்ணத்தைப் பார்த்த பெண்கள், டிவியில பாக்கும்போது குண்டாத் தெரியிறீகளேக்கா, நேருல அப்படி ஒண்ணுமில்லையே என்று ஆறுதல் சொன்னார்கள். கடைவீதி புரோட்டாக் கடைக்காரர் மட்டும் மனமுடைந்து போனார்; தான் தினமும் இனாமாக அனுப்பிய சால்னாவை இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்து ஜன்னலுக்கு வெளியே ஊற்றுவதை அவர் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது. மறுநாளிலிருந்து இனாம் நின்றது.

இன்ஸ்பெக்டரின் பெயர் சந்திரபோஸ். கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கைநீட்டுகிற பழக்கம் உண்டு, அதற்குப் பிறகு நன்றாகத் தூங்குகிற பழக்கமும் உண்டு. தொடர் வர ஆரம்பித்த பிறகு மனிதர் அடியோடு மாறிப்போனார். மீசைக்குச் சாயம் அடித்தார், கறுப்புக் கண்ணாடி வாங்கினார், ஜீப்பிலிருந்து இறங்கும்போது ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டு அடுத்த காலை வைக்க நேரம் எடுத்துக்கொண்டார். யாரையும் தொடவில்லை. பதினான்கு ஊர் பார்க்கிறது என்ற நினைப்பிலேயே கை தானாக மடங்கிக்கொண்டது. கோபம் வந்தால் நாற்காலியை உதைத்தார், உதைக்கும்போது மேளம் முழங்கியதால் அடிக்கடி உதைத்தார், இரண்டு மாதத்தில் ஸ்டேஷனில் பஞ்சவர்ணத்தின் நாற்காலி ஒன்றுதான் நாலு காலோடு இருந்தது.

ஆனால் பாருங்கள், ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. இரண்டு மாதமாக ஒருத்தருக்கும் ஒரு அறைகூட விழாத தொடரை யார்தான் எத்தனை நாள் பார்ப்பார்கள்? நேத்து எபிசோடு சப்புன்னு இருந்துச்சு என்று டீக்கடையில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தவர்கள் எட்டு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே கிளம்பினார்கள். கடைசியில் நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனுக்கே ஒரு மனு வந்தது. மாதம் ஒருமுறையாவது குற்றவாளிகளை உரிய முறையில் கவனித்து, தொடரை விறுவிறுப்பாக நடத்தித் தருமாறு அதில் பணிவன்போடு கேட்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் அதற்கு ரசீது போட்டுக் கொடுத்தாள். சந்திரபோஸ் மனுவை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மோட்டார் திருட்டுப் போனது. ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றுகிற ஊராட்சி மோட்டார். ஒரு விடியற்காலை பம்ப் ரூம் பூட்டு உடைந்து கிடந்தது, மோட்டார் இருந்த இடத்தில் நாலு போல்ட்டு மட்டும் இருந்தது. சித்திரை மாதம். ஐந்து நாள் குழாயில் சொட்டு இல்லை. ஜனங்கள் தோட்டங்காடுகளில் போய்க் குடம் குடமாய்க் கெஞ்சி வாங்கி வந்தார்கள், குளிப்பதை நிறுத்தினார்கள், சட்டி கழுவுவதைத் தள்ளிப்போட்டார்கள், அவரவர் வீட்டில் மூத்தவர்கள் இளையவர்கள் எல்லோருக்கும் கோபம் மூக்குக்கு மேல் வந்து நின்றது. ஆறாம் நாள் காலையில் காசிமாயனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

காசிமாயன் புகைந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். சுற்று வட்டாரத்தில் எந்த மோட்டார் புகைந்தாலும் அவனைத்தான் கூப்பிட வேண்டும். அவனைப் பிடித்ததற்குக் காரணமும் அதுதான்: மோட்டாரைப் பற்றித் தெரிந்தவன் வேறு யார் இருக்கிறான் என்று சந்திரபோஸ் கேட்டார், ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் மோட்டார் போன அன்றைக்கு ராத்திரி அவன் வீட்டில்தான் படுத்திருந்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் தலையாட்டிவிட்டு, உள்ளே வந்து, இன்னைக்கு உண்டாய்யா என்று கேட்டார்கள். உண்டு என்று சந்திரபோஸ் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். மத்தியானத்துக்குள் செய்தி பதினான்கு ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. நாகூர்கனி பாய் கடை டிவிக்கு முன்னால் கல்யாண மண்டபத்திலிருந்து பெஞ்சு கொண்டுவந்து போட்டார்.

நாலு மணிக்குச் சந்திரபோஸ் ரைட்டர் மேசைக்கு வந்தார்.

"பஞ்சவர்ணம், அந்த வரிய எழுதி வச்சிருங்க. வலது கை."

அந்த வரி என்று அவர் சொன்னது என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். போலீஸ் எழுத்தில் பிடிபட்டவனுக்கு எதிரி என்று பெயர். எதிரி ஸ்டேஷன் குளியலறையில் தரை ஈரமாக இருந்ததால் வழுக்கி விழுந்ததில் இன்ன கை எலும்பு முறிவு ஏற்பட்டது என்பதுதான் அந்த வரி. காரியம் முடிந்த பிறகு எல்லோரும் களைத்துப் போய்விடுவார்கள், எழுதுகிறவளுக்கும் எழுத்துக் கோணும் என்பதால் அதை முன்கூட்டியே எழுதி வைப்பது அந்த ஸ்டேஷன் வழக்கம். பஞ்சவர்ணம் அதைப் பதினேழு தடவை எழுதியிருக்கிறாள். நல்ல கையெழுத்து அவளுக்கு. மேலதிகாரிகள் பாராட்டியிருக்கிறார்கள்.

"ஐயா, தரை ஈரம்னு எப்படிங்கய்யா எழுதுறது? ஊருலயே ஆறு நாளாத் தண்ணியில்ல. பாத்ரூமுல பறிமுதல் பண்ணுன சைக்கிள்தான் கெடக்கு."

சந்திரபோஸ் யோசித்தார். முறையாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எப்போதும் உண்டு.

"அதுக்கென்ன. நனைச்சுருவோம்."

ஒரு கான்ஸ்டபிளை ஜீப்பில் அனுப்பினார். அவன் எங்கேயோ போய் நாலு குடம் தண்ணீர் கொண்டுவந்தான், நல்ல தண்ணீர், தெளிந்த தண்ணீர். சைக்கிள்களை நகர்த்திவிட்டு நாலு குடத்தையும் குளியலறைத் தரையில் ஊற்றினார்கள். ஒரு மூலை காய்ந்திருக்கிறது என்று சந்திரபோஸ் சுட்டிக்காட்ட, அதற்கும் கொஞ்சம் ஊற்றினார்கள். பிறகு அவர் வாட்சைப் பார்த்து, ஏழரைக்கு ஆரம்பிச்சா இன்னைக்கு எபிசோடுல வந்துரும் என்று கணக்குச் சொல்லிவிட்டு, மீசைக்குச் சாயம் வைக்கப் போனார்.

பஞ்சவர்ணம் ஸ்டேஷன் நாட்குறிப்பைத் திறந்தாள். எதிரி என்று எழுதினாள். எதிரே பெஞ்சில் காசிமாயன் இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்கு முன்னால் வந்த பதினேழு பேரின் கையை அவள் பார்த்ததில்லை, பார்க்காமல் இருந்தால்தான் எழுத்து நேராக வரும் என்று அவள் பழகிக்கொண்டிருந்தாள். அன்றைக்கென்னவோ பார்த்துவிட்டாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் வெட்டும் கீறலும் சூடுமாக ஒரு இடம் பாக்கியில்லாமல் தழும்பு.

"என்னப்பா கை இது?"

"செம்புக் கம்பிங்க ஏட்டம்மா. சுத்தும்போது அறுத்துரும்."

இந்தக் கை போனால் இவன் எதை வைத்துப் பிழைப்பான் என்று நினைத்தாள், நினைத்தவுடன் மற்ற பதினேழு பேரும் எதை வைத்துப் பிழைத்தார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது, அது வந்த பிறகு பேனா அந்த வரிக்குப் போக மறுத்தது. கைதுக் குறிப்பில் எதிரியின் அங்க அடையாளங்கள் என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு மச்சம், ஒரு தழும்பு என்று இரண்டு எழுதினால் போதும், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். பஞ்சவர்ணம் நாட்குறிப்பை மூடிவிட்டு அந்தக் காகிதத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

"வலது கட்டைவிரல்ல இருந்து வருவோம். இது எப்பப் பட்டது?"

"அது பள்ளிக்கூடத்து மோட்டாருங்க. நாலு வருசமிருக்கும்."

வலது கட்டைவிரலில் அரை அங்குல வெட்டுத் தழும்பு, ஊராட்சிப் பள்ளி மோட்டார் பழுது நீக்கும்போது ஏற்பட்டது என்று அழகாக எழுதினாள். அடுத்ததைக் கேட்டாள். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவுகிற ஒளுத் தொட்டி மோட்டார். அடுத்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள் தெப்பத்துக்குத் தண்ணீர் இறைக்கையில் ஷாக் அடித்தது. அடுத்தது நாகூர்கனி பாய் வீட்டுக் கிணறு, அதற்கடுத்தது கோழிப் புகார் கொடுத்த ஓரகத்திகளின் மாமனார் தோட்டம். ஏழரைக்குச் சந்திரபோஸ் லத்தியோடு வந்து நின்றார்.

"ஆச்சா?"

"இருபத்தாறு ஆயிருக்குங்கய்யா. அங்க அடையாளம் பாதியில நின்னா ரிமாண்டு பேப்பரத் திருப்பி அனுப்பிருவாக."

அப்படியெல்லாம் எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் பத்தொன்பது வருஷமாகக் காகிதத்தைப் பற்றிப் பஞ்சவர்ணம் சொன்னதை அந்த ஸ்டேஷனில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. சந்திரபோஸ் வாட்சைப் பார்த்தார், முணுமுணுத்தார், வேண்டுமென்றே காத்திருப்பது மாதிரித் தெரிய ஒரு நடை நடந்து பார்த்தார். அவள் இடது கைக்குப் போனாள். நாற்பத்து மூன்றாவது தழும்பை எழுதி முடிக்கும்போது ஸ்டேஷன் டிவியில் எட்டு மணி இசை கேட்டது, சந்திரபோஸ் தன்னைப் பார்க்கிற ஆசையில் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்.

அன்றைய தொடரில் அடி இல்லை என்பது ஐந்து நிமிஷத்தில் ஊருக்குத் தெரிந்துபோனது. திரை முழுக்க ஒரு கை, பின்னால் பஞ்சவர்ணத்தின் குரல், காசிமாயனின் குரல். டீக்கடை பெஞ்சில் முதலில் சிரித்தார்கள். பிறகு பள்ளிவாசல் மோட்டார் என்று காசிமாயன் சொன்னபோது, ஆமா, நோம்பு நேரம், ரத்தத்தோட கட்டிக் குடுத்தான் என்று நாகூர்கனி பாய் தன்னையறியாமல் சொன்னார். அதற்கப்புறம் ஒவ்வொரு தழும்புக்கும் பெஞ்சில் ஒருவர் தலைகுனிந்தார். இது நம்ம வீட்டுதுடி என்று வீடுகளில் பெண்கள் சொன்னார்கள். அவன் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்த அன்றைக்குத் தண்ணீர் வந்த சந்தோஷத்தில் அவனுக்கு ஒரு துணி கிழித்துக் கட்டக்கூட யாருக்கும் தோன்றாமல் போனது ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்தது.

பிறகு நாலு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றுகிற காட்சி வந்தது. அதை எடுத்தவர் யாரோ, மெதுவாக ஓடவிட்டிருந்தார். தண்ணீர் வெளிச்சத்தில் மின்னி மின்னி விழுந்தது. ஓர் எலும்பு முறிவதைப் பார்க்கத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்த ஊர்தான் அது, அதை மறைத்துச் சொல்ல நான் யார். ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்கள். எட்டேகாலுக்கு ஸ்டேஷன் வாசலில் குடங்கள் வந்தன. குடங்களுக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள், கத்தவில்லை, கல் எடுக்கவில்லை. முன்னால் நின்ற ஓரகத்திகளில் மூத்தவள் குடத்தைச் சந்திரபோஸ் முன்னால் வைத்தாள்.

"கீழ ஊத்துன தண்ணிய இதுல ஊத்துங்கய்யா. நாங்க போயிர்றோம்."

இந்த இடத்தில் சந்திரபோஸ் குளியலறைக்கு ஓடி வழுக்கி விழுந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் ஓடவும் இல்லை, விழவும் இல்லை. டிவியையும் குடங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். திரையில் மறுபடியும் வந்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, காய்ந்த மூலையைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு மேளம் முழங்கவில்லை; வில்லன் வரும்போது போடுகிற சத்தத்தைப் போட்டிருந்தார்கள். ரெண்டு மாதமாகத் தன்னைக் கதாநாயகன் என்று நம்பிக்கொண்டிருந்த மனிதருக்கு அது தாங்கவில்லை. லத்தியை மூலையில் சாத்தி வைத்தார். நாளைக்கு லாரித் தண்ணிக்கு நானே சொல்றேன் என்றார். முத்துப்பேச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரைட்டர் மேசைக்கு வந்து, புருஷனின் கையை எடுத்து விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள்.

மோட்டாரை எடுத்தவன் யாரோ ஒருவன். இரண்டு மாதம் கழித்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அது கிடைத்தது. அடுத்த எல்லை என்பதால் அதை யாரும் தொடரில் பார்க்கவில்லை. கோர்ட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். குடங்கள் வந்த அந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் பஞ்சவர்ணம் காசிமாயனைப் பஸ்ஸில் அங்கே கூட்டிக்கொண்டு போனபோது, எந்த வீட்டு டிவியும் அவர்களைக் காட்டப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மாஜிஸ்திரேட் ஓர் அம்மாள். காகிதத்தில் நாலு பக்கத்துக்குத் தழும்பாக இருப்பதைப் பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முழுவதையும் படித்தார். காசிமாயனைக் கையை நீட்டச் சொல்லி எண்ணிப் பார்த்தார். நாற்பத்து மூன்றுதான் இருந்தது. ஆதாரம் என்ன என்று கேட்டார். மோட்டாரைப் பற்றித் தெரிந்தவன் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. விட்டுவிடச் சொல்வதற்கு முன்னால், எல்லோரிடமும் கேட்பது போல அவனிடமும் கேட்டார்.

"போலீஸ் உன்னை அடிச்சாங்களா? ஏதும் குறை இருக்கா?"

"இல்லைங்கம்மா."

பதினேழு பேர் அதே இடத்தில் நின்று, கட்டுப்போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு, அதே கேள்விக்கு அதே பதிலைச் சொன்னபோது பஞ்சவர்ணம் அவர்களுக்குப் பின்னால் ஓரடி தள்ளி, அவர்கள் முதுகுக்குத் தன் மூச்சுக் கேட்கிற தூரத்தில் நின்றிருக்கிறாள். அதே ஒரு சொல்தான். அவளுக்கு முகம் கோணியது, உதட்டைக் கடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. சீருடையோடு நின்றுகொண்டு கோர்ட்டில் வாய்விட்டு அழுதாள். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன ஏட்டம்மா? ஏன் அழறீங்க?"

பஞ்சவர்ணம் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முந்தானை இல்லாததால் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"இவன் சொல்றது நெசந்தாங்கம்மா" என்றாள்.